கிளட்ச் பிடிக்காத கை

ஆறாவது முறையாக யமுனாவின் ஹெல்மெட் மாதேஸ்வரனின் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தபோது, அவள் அவன் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, பனி இடுப்பளவுக்கு இறங்கிக் கிடந்தது. வண்டியின் சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, நேத்து சேலத்துல போயி மாட்டிட்டு வந்தது கியர் மாத்தறதுக்கா, மண்டைய ஒடைக்கறதுக்கா?"

"கிளட்ச் புடிக்காமயே கியர் மாறுச்சே, அதப் பாத்தியா?"

"நா எங்க பாத்தேன். எம் மூஞ்சி உங்க முதுகுல இருந்துச்சு."

மாதேஸ்வரனுக்கு அது குறையாகப் படவில்லை. புதுச் செருப்பு கடிப்பதைப்போல ஒரு சின்னத் தொந்தரவு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு மறுபடி பனிக்குள் கிளம்பினான். ஏழாவது டொக் கேட்டது.

அவன் மலைமேல் செம்மேட்டில் மின்வாரிய லைன்மேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. குண்டனி நாட்டில் கம்பிமேல் கிளை விழுந்தாலும், எடப்புளி நாட்டில் பியூஸ் போனாலும் அவன்தான் போயாக வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவனுடைய இடது கைக்கு ஓய்வே கிடையாது. கம்பத்தின் மேலே கட்டிங் பிளேயர், கீழே இறங்கினால் கிளட்ச். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை இறங்கி ஏறினால் முந்நூறு தடவையாவது கிளட்சைப் பிடித்து விடவேண்டும். ராத்திரி தூக்கத்தில்கூட அந்த நாலு விரலும் மடங்கி மடங்கி விரிகின்றன என்று யமுனா சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தூக்கத்தில் அவனுக்கு ஒரு கனவு வரும். மலைச்சாலை, டிரம்மிலிருந்து அவிழும் அலுமினியக் கம்பியைப்போல, எங்கும் ஒரு ஜாயின்ட் இல்லாமல் தானாக அவிழ்ந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அவன் வண்டி போகும். கியர்கள் மூச்சை இழுத்து விடுவதைப்போல மாறும். அவன் இடது கை மட்டும் எதையும் பிடிக்காமல் தொடைமேல் தூங்கும்.

அதனால்தான், பழைய நானூறு சிசி வண்டி ஒன்றை வாங்கிய கையோடு, குயிக்‌ஷிப்டர் என்ற சமாச்சாரத்தைக் கேள்விப்பட்டதும் அவன் சேலத்துக்கு ஓடினான். கியர் கம்பியில் விரல் அளவுக்கு ஒரு சென்சார். கால் கியரைத் தொட்டதும் அது வண்டியின் மூளைப்பெட்டிக்குத் தகவல் சொல்லும். பெட்டி, கண்சிமிட்டும் நேரம் இன்ஜினின் தீப்பொறியை நிறுத்தும். அந்த இடைவெளியில் கியர் நழுவி உட்காரும். கைக்கு வேலை இல்லை. மூளைப்பெட்டியையும் புதிதாக மாற்றி, எல்லாவற்றையும் போனிலிருந்தே திருத்திக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார்.

யமுனா தாராபுரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். சனிக்கிழமை மலையேறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போவாள். கல்யாணமாகி மூன்று வருடமாக இதே பாடு. இப்போது செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாமக்கல்லில் இடமாறுதல் கலந்தாய்வு. பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்காகத்தான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். இல்லை, எழுபது வளைவையும் கிளட்சே தொடாமல் ஒரே மூச்சில் இறக்கிக் காட்டுகிறேன் என்று மாதேஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு, முதன்முதலாக அந்தக் கருவிக்கான ஆப்பைப் போனில் திறந்தான். பக்கத்தில் இருக்கும் கருவியை அது புளூடூத்தில் தேடியது, கருவியின் பெயர் வந்தது. அமுக்கினான். போனும் கருவியும் சேர்ந்துகொண்டதாகப் பச்சை வட்டம் ஒன்று சொன்னது. இன்ஜின் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கால் எவ்வளவு அழுத்த வேண்டும், பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று, விரலால் இடமும் வலமும் தள்ளிக் குறைத்துக் கூட்டும் கோடுகள் வரிசையாக இருந்தன. டொக் சத்தம் போவதற்காக முதல் கோட்டை இடதுபக்கம் கொஞ்சம் தள்ளினான். மலைக்கே கரண்டு கொடுக்கிற கைக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டொக் இல்லை. ஆனால், கியர் லீவரின்மேல் கால் சும்மா பட்டாலே இன்ஜின் மூச்சை நிறுத்தியது. பெருமூச்சு விட்டால் கால் அசையும், கால் அசைந்தால் வண்டி நிற்கும். செம்மேடு பஸ் ஸ்டாண்டின் நடுவில், பின்னால் இரண்டு பஸ்களை நிறுத்திவைத்துக்கொண்டு, அவன் காலை ஆகாயத்தில் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து, கால் சுளுக்கா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கால் அழுத்தத்துக்கான கோட்டைக் கடைசிவரை வலதுபக்கம் தள்ளினான். ஓங்கி மிதித்தால்தான் இனி வண்டிக்குத் தெரியவேண்டும்.

புதன்கிழமை, கால் பட்டால் நிற்கிற வியாதி அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை விட்டால் போதும், சைலன்சர் 'டுமீல்' என்று வெடித்தது. காலையில் வாசலூர்ப்பட்டிப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வந்தான். பலாமரங்களிலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கி ஓடின. பத்து மணிக்கு வனக்காவலர் பூபதி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். காட்டுக்குள் எவனோ துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்திருக்கிறான், ஒன்பது தடவை சுட்டிருக்கிறான், உனக்கு ஏதாவது கேட்டதா என்று விசாரித்தார்.

உண்மையைச் சொல்ல மாதேஸ்வரன் வாயைத் திறந்தான். வந்தது, "ஆமாங்க, எனக்குங் கேட்டுச்சு" என்பதுதான்.

"அப்ப வா சாமி, வண்டிய எடு. ஜீப்பு ரிப்பேரு. உன்ற வண்டிதான் வேகமாப் போவும், ரெண்டு பேரும் போயி ஆளப் புடிச்சிரலாம்."

யமுனா கதவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அந்த ஒரு மணி நேரத்தை மாதேஸ்வரன் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அது நடந்ததா, கனவில் கண்டதா என்று அவனுக்கே சந்தேகமாக இருக்கும். வெள்ளைப் பனி. பாதை அதற்குள்ளிருந்து பத்தடி பத்தடியாக முளைத்தது. பின்னால் பூபதி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆக்சிலேட்டரை விடாமல் எவ்வளவு தூரம்தான் ஓட்ட முடியும்? ஒரு வளைவு வந்தது. விட்டான். டுமீல்.

"பக்கத்துலதான் இருக்கான்" என்று பூபதி காதில் கிசுகிசுத்தார்.

அடுத்த வளைவு. டுமீல்.

"நம்மள மாதிரியே அவனும் திரும்பறான்."

ஏழெட்டு வளைவுக்குப் பிறகு பூபதியின் பிடி இறுகியது. முன்னால் இருக்கிறான் என்று நினைத்த ஆள் பின்னால் வந்துகொண்டிருக்கிறான், நம்மைக் குறிவைத்துத்தான் சுடுகிறான், வண்டியைத் திருப்பு என்றார். திருப்பியபோதும் ஒன்று வெடித்தது. வீட்டு வாசலில் இறங்கியதும், உயிரைப் பணயம் வைத்து வண்டியோட்டியதற்காக மாதேஸ்வரனின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இதை மேலதிகாரிக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். எழுத வேண்டாம், நான் விளம்பரம் விரும்புகிற ஆள் இல்லை என்று மாதேஸ்வரன் கெஞ்சினான். அது அடக்கம் என்று பூபதி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து பெட்ரோல் கோட்டை இருப்பதிலேயே சாதுவான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தான். பச்சை வட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வெடிச்சத்தம் நின்றுபோயிருந்தது. பியூஸ் போயிருக்கிறது என்று எடப்புளி நாட்டிலிருந்து போன் வந்ததும் சந்தோஷமாகக் கிளம்பினான். ஊரைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை முறுக்கினான். வண்டி சிங்கம்போல உறுமியது. வேகம் இருபதைத் தாண்டவில்லை. இன்னும் முறுக்கினான். உறுமல் கூடியது, மலையே அதிர்ந்தது, முள் இருபதிலேயே நின்றது. பந்தய வண்டிகள் ஷெட்டுப் பக்கம் போகும்போது மெதுவாகப் போவதற்கென்று அந்தப் பெட்டிக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை யாரோ போட்டுவிட்டதைப்போல வண்டி நடந்துகொண்டது. தான் அதைத் தொடவே இல்லை என்று மாதேஸ்வரனுக்கு நன்றாக நினைவிருந்தது.

வழியில், தலையில் மரவள்ளிக் குச்சிக்கட்டோடு ராமாயி வேகநடையாகப் போய்க்கொண்டிருந்தாள். எடப்புளிக்காரி. வண்டி அவள் பக்கத்தில் வந்து, அங்கேயே தங்கிவிட்டது. மேடு வந்தால் அவள் முந்தினாள், பள்ளம் வந்தால் அவன். உறுமலுக்கு மேலே குரல் எழுப்பி, யமுனாவுக்கு மாற்றல் கிடைத்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, தினை நன்றாக வந்திருக்கிறதா என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். பனி நாலாபக்கமும் மூடியிருந்ததால், இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்க, மலைதான் மெதுவாகப் பின்னால் நகர்வதாக மாதேஸ்வரனுக்குத் தோன்றியது. அப்படியே தோன்றிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றும் தோன்றியது. கடைசியில் ராமாயி, எனக்கு அடுப்பு வேலை கிடக்கிறது, நான் முன்னால் போய் நீ வருகிறாய் என்று சொல்லி வைக்கிறேன் என்று குறுக்குப்பாதையில் இறங்கிப் போய்விட்டாள். அவன் போய்ச் சேர்ந்தபோது ஊரே கம்பத்தடியில் நின்றிருந்தது. ராமாயி கையில் அவனுக்கு டீ வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் யமுனா கொட்டகைக்கு வந்து அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நா காலையில ஆறரை பஸ்ஸுக்குப் போயிக்கறனுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதில் பேசியிருப்பான். இதமாகச் சொன்னதால் தலையை மட்டும் ஆட்டினான். அவள் போன பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். குறைத்தால் கூடுகிறது. கூட்டினால் குறைகிறது. சாதுவாக்கினால் முரண்டு பிடிக்கிறது. அப்போது, மலைமேல் மேகம் விலகுவதைப்போல, அவனுக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கருவியைச் சமவெளியில் செய்திருக்கிறார்கள். இங்கே கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி. காற்றே வேறு. கீழே இருக்கிற இடது மேலே வலதாகிவிடுகிறது. மலையில் இது தலைகீழாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வண்டி பூனைக்குட்டியாக வேண்டுமென்றால் என்ன செய்யவேண்டும்? அவன் ஒவ்வொரு கோட்டையும் பிடித்து, இருப்பதிலேயே முரட்டு இடத்துக்கு, கடைசி நுனிக்கு, ஒன்றுவிடாமல் தள்ளினான். தள்ளி முடித்ததும் மனசு அமைதியாகிவிட்டது. நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை ஆறரை பஸ் வரவில்லை. ராத்திரி மழையில் முப்பத்தெட்டாவது வளைவில் பாறை உருண்டு கிடக்கிறது, பஸ்ஸெல்லாம் நிற்கிறது, இரண்டு சக்கரம் மட்டும் ஓரமாக நுழைந்து போகலாம் என்றார்கள். முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றிப்போகும் பஸ் ஒன்பதரைக்கு. அதில் ஏறினால் பத்து மணிக்கு மலையிலேயே இருக்கலாம். யமுனா சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அவள் அழவில்லை. ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை மணியைப் பார்த்தாள்.

மாதேஸ்வரன் வண்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தினான். இன்ஜின் முனகிக்கொண்டிருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கிளம்பியதும் இரண்டாவது கியர் விழுந்தது. விழுந்தது என்பது அவனுக்கு முள்ளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது, அதைவிட மென்மையாக. யமுனாவின் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டைத் தொடவில்லை. சோளக்காடு கடந்து முதல் வளைவு வந்தபோது காலை லேசாக அழுத்தினான். வண்டி தானாக ஒரு செருமல் செருமி, கியரைக் கீழே எடுத்துக்கொண்டு, குனிந்து திரும்பியது. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. மேகம் மலையின் மடிப்புகளில் பால்போலத் தேங்கியிருந்தது. அதற்குள் இறங்கினார்கள், வெளியே வந்தார்கள், மறுபடி இறங்கினார்கள். சத்தமே இல்லாததுபோல இருந்தது. சாலை அவிழ்ந்துகொண்டே போனது. எந்த இடத்தில் ஒரு வளைவு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. அவனுடைய இடது கை பிடியின்மேல் சும்மா கிடந்தது, நாலு விரலும் விரிந்து, எதையும் கேட்காமல்.

முப்பத்தெட்டாவது வளைவில் நின்றிருந்த பஸ்களை ஒட்டி, பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே நடைவேகத்தில் நுழைந்தபோதும் வண்டி துளி துள்ளவில்லை. அதைத் தாண்டியதும் முதுகில் பாரமாக ஏதோ சாய்ந்தது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. யமுனா தூங்கிவிட்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவில், மோட்டார்சைக்கிளின் பின்னால், பைலை இரண்டு பேருக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அவனுக்குக் கண் கலங்கியது. காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்தது.

காரவள்ளியில் வெயில் பட்டு அவள் விழித்தாள். வந்துவிட்டோமா என்று கேட்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு நாமக்கல். பன்னிரண்டு மணிக்குக் கையில் ஆணையோடு வெளியே வந்தாள். செம்மேடு. மரத்தடியில் காத்திருந்த மாதேஸ்வரனிடம் தாளைக் கொடுத்துவிட்டு, அவன் படித்து முடிக்கும்வரை அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி ஏறும்போதும் வண்டி அப்படியே போனது. வழிநெடுக அவன் தன் கண்டுபிடிப்பை விளக்கினான். மலையில் கருவி தலைகீழாக வேலை செய்யும் சூட்சுமம் கம்பெனிக்காரனுக்கே தெரியாது, ஒரு லைன்மேனுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்றான். முந்தின நாளாக இருந்தால் யமுனா ஏதாவது சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு எல்லாமே நியாயமாகப் பட்டது. "உங்க கையில என்னமோ இருக்குதுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் இன்னும் எழுபது வளைவு ஏறத் தயாராக இருந்தான்.

சாயங்காலம் வீட்டில் பாயசம் வைத்தார்கள். டம்ளரோடு அவன் வாசலில் நின்று, பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் ராசு வந்தான். சட்டையெல்லாம் சேறு. நீளமான கயிறு ஒன்று வேண்டும் என்றான். லாட்ஜில் தங்கியிருக்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் பைக்கை லாரியில் ஏற்றிக் கட்டி அனுப்ப வேண்டுமாம். ஆளுக்கு அடியொன்றும் இல்லையாம், வண்டியை மட்டும் இனித் தொடமாட்டேன் என்கிறாராம்.

மாதேஸ்வரனுக்குத் தாராள மனது பொங்கியது. ராசுவுக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுக்கச் சொன்னான். கயிறு எதற்கு, வண்டியில் என்ன கோளாறு என்று சொல், போனிலேயே சரிசெய்து தருகிறேன், இந்த மலையில் அந்த வித்தை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்றான்.

ராசு பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்தான்.

"அட, அவருக்கும் உங்களுதாட்டவே அதே கருவிதானுங்க, திங்கக்கெழமையில இருந்து உங்க கொட்டாயி சுவத்தோரமா வண்டிய நிறுத்திக்கிட்டு அவரும் போன்ல ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தாரு, எதுக்குமே வண்டி கேக்கலீன்னு நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் இருக்கறதுலயே பூப்போல எறக்கி வச்சாருங்க, காலையில எடுத்ததும் அது அவரத் தூக்கிக்கிட்டு நேரா மரவள்ளிக்காட்டுக்குள்ள போயிருச்சுங்க."